சீமைக் கருவேலம் மண்டிய மூன்று ஏக்கர்: எங்கிருந்து தொடங்குவது?

மதுரைவாசி:
மானாமதுரைக்கு அருகே எங்கள் தாத்தா பயிர் செய்த மூன்று ஏக்கர் புஞ்சை, பதினைந்து ஆண்டுகளாக உழவு காணாமல் சீமைக் கருவேலங்காடாகிக் கிடக்கிறது. நான் மதுரையில் குடியிருக்கிறேன். மாதம் இருமுறைதான் ஊருக்குப் போக முடியும். இந்தக் கோடையிலேயே பொக்லைன் வைத்து முழுவதையும் வழித்துவிட்டு மா, கொய்யாக் கன்றுகளை நடலாம் என்றும், வீட்டு மாடியில் சமையலறைக் கழிவிலிருந்து தயாராகும் உரத்தை மூட்டை கட்டி அங்கே கொண்டு செல்லலாம் என்றும் எண்ணியிருக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் கருத்துக் கூற வேண்டுகிறேன்.

கண்மாய்க்கரை:
ஒரே கோடையில் முழு நிலத்தையும் வழித்துவிடாதீர்கள், ஐயா. அந்தத் தவற்றைச் செய்தவன் நான். மொட்டையாகக் கிடந்த நிலத்தில் ஐப்பசி மழை இறங்கியபோது மேல்மண் ஓடைக்குப் போனது. மறு ஆண்டே கருவேலம் முன்னிலும் நெருக்கமாக முளைத்தது. தரையோடு வெட்டினால் அடிக்கட்டை துளிர்த்துவிடும். தூரோடு தோண்டி எடுத்தாலும், நெற்றைத் தின்ற ஆடு மாடுகள் சாணத்திலும் புழுக்கையிலும் பரப்பிய விதைகள் மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். ஆகவே முதலில் வரப்பை உயர்த்துங்கள். பிறகு ஒரு ஏக்கரை மட்டும் எடுங்கள். கரிமூட்டம் போட்டு விறகைக் கரியாக்குபவர்கள் மரத்தை விலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதால் பொக்லைன் வாடகையில் ஒரு பகுதி ஈடாகும். ஆனால் தூரையும் எடுக்க வேண்டும் என்று பேசும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லையேல் தண்டை மட்டும் அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

எடுத்த நிலத்தில் முதல் மழைக்கே பலதானியம் விதையுங்கள். தானியம், பயறு, எண்ணெய்வித்து, பசுந்தாள் எனக் கலந்து ஏக்கருக்கு ஏறத்தாழ 20 கிலோ விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிவந்த முறை. அதன் பிறகு, மந்தையோடு ஊர் ஊராகச் செல்லும் கீதாரிகளிடம் பேசி, இரவில் ஆடுகளை நிலத்தில் அடைத்து ஆட்டுக்கிடை போட்டால் வேறு உரம் தேடவேண்டியிராது.

கோடைஉழவு:
மேலே சொன்னதோடு கண்மாய் வண்டலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை கட்டணமின்றி எடுக்க அரசு விதி இடம் தருகிறது. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி வழங்குகிறார். கண்மாய் வற்றியிருக்கும்போதுதான் அள்ள முடியும் என்பதால், நில ஆவணங்களான சிட்டாவும் அடங்கலும் எடுத்துக்கொண்டு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

மாடித்தோட்டம்:
மாடி உரத்தை ஊருக்குச் சுமக்கும் எண்ணத்தை மட்டும் கைவிடச் சொல்வேன். ஒரு குடும்பத்தின் காய்கறிக் கழிவு மக்கிச் சுண்டிய பின் ஆண்டுக்குச் சில மூட்டைகள் தேறும். மூன்று ஏக்கருக்கு அது எந்த மூலைக்கு? அதே உரம் பத்துத் தொட்டிகளில் கீரையையும் கத்தரியையும் நன்றாக வளர்க்கும், உங்கள் கழிவும் குப்பை வண்டிக்குப் போகாது. மாவும் கொய்யாவும் பற்றியும் எனக்குத் தயக்கம் உண்டு. முதல் இரண்டு கோடைகளில் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்? மாதம் இருமுறை வருபவருக்கு ஏற்றது, வரப்பில் பனங்கொட்டை ஊன்றுவதும், தானாக முளைத்த வேம்பை வெட்டாமல் விடுவதும்தான்.

மதுரைவாசி:
மிக்க நன்றி. வரப்பிலிருந்தும் ஒரு ஏக்கரிலிருந்தும் தொடங்குகிறேன்; பழக்கன்றுகளை ஒத்திவைக்கிறேன். ஓர் ஐயம் மட்டும் உள்ளது: கிடைக்கு வரும் ஆடுகளே கருவேல நெற்றைத் தின்றிருந்தால், நாம் அகற்றியதை அவையே திரும்ப விதைத்துவிடாதா?

கண்மாய்க்கரை:
விதைக்கும். அதனால்தான் நெற்று பழுத்து உதிரும் நாள்களில் கிடை வைப்பதில்லை. நெல் அறுத்த வயல்களில் பல நாள் மேய்ந்த மந்தையாகப் பார்த்து மாசியில் அழையுங்கள். அப்படியும் முளைப்பவை சாண் உயரம் வளர்வதற்குள், மழை ஈரத்தில் கையாலேயே வேரோடு வந்துவிடும். உங்கள் மாதாந்திர இரண்டு பயணங்களும் அந்த வேலைக்குப் போதும்.