பவர் ஸ்டீயரிங் ஆயில் மாற்றிய பிறகும் நுரை நிற்கவில்லை, உதவி தேவை

வண்டி 2011 மாடல் டாடா செனான், டீசல். தாளவாடியிலிருந்து சத்தியமங்கலத்துக்குக் காய்கறி ஏற்றுகிறேன். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டீயரிங் கனமாகிறது, வளைக்கும்போது பம்ப் முனகுகிறது. பாரத்தோடு இறங்கும்போது பயமாக இருக்கிறது.

பழைய ஆயில் கறுத்திருந்ததால் போன மாதம் கோபியில் முழுவதும் மாற்றினோம். ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி, முன்சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினை ஓட்டாமல் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, வெளியேறும் ஆயில் தெளிந்த சிவப்பாக வரும்வரை புது ஆயில் ஊற்றினோம். இரண்டு நாள் நன்றாக இருந்தது. இப்போது இன்ஜின் சூடானதும் டப்பாவில் ஆயில் இளஞ்சிவப்பாக நுரைத்து மூடிவரை எழும்புகிறது. நிறுத்தினால் அளவு இறங்கிவிடுகிறது.

பெல்ட் புதிது. ஆயிலில் கலந்த காற்றை மறுபடியும் வெளியேற்றிப் பார்த்தாயிற்று. டப்பாவிலிருந்து பம்புக்கு ஆயில் போகும் உறிஞ்சும் ஹோஸின் கிளிப்புகளையும் மாற்றினோம். வெளியே ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லை. பம்பையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். காரணம் உறுதியாகாமல் அந்தச் செலவு செய்ய மனம் வரவில்லை.

காற்று உறிஞ்சும் ஹோஸ் வழியாக நுழைகிறதா, பம்பின் ஷாஃப்ட் சீல் (சுழலும் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு வளையம்) வழியாகவா என்பதைப் பம்பைக் கழற்றாமல் கண்டுபிடிப்பது எப்படி?