புதுப்பிப்பு: போனின் சிம் லாக் ஒருவழியாகத் திறந்தது

தவணை முழுதும் கட்டியும் என் போன் வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். போனை விற்ற தொலைபேசி நிறுவனம் தன் சிம் மட்டுமே வேலை செய்யும்படி போட்டுவைக்கும் பூட்டுதான் சிம் லாக். இப்போது சரியாகிவிட்டது. *#06# அடித்து வந்த 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) கடைசித் தவணை ரசீதையும் அந்த நிறுவனத்துக்கு எழுத்துமூலம் அனுப்பினேன்; திறப்பு எண் வந்தது. புது சிம்மைப் போட்டு அதை அடித்ததும் சிக்னல் கோடுகள் ஏறின. அப்பாடா!

காசுக்கு எண் தருவோரை நம்பாதீர்கள். தப்பான எண்ணைப் பலமுறை அடித்தால் சிம் லாக் நிரந்தரமாகவே பூட்டிக்கொள்ளக்கூடும்.

சட்டம் பற்றிக் கேட்டவர்களுக்கு: கனடாவில் 2017 டிசம்பர் முதல் புது போன்களைப் பூட்டாமல்தான் விற்க வேண்டும், பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல். அமெரிக்காவில் 2013இல் புது போனை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறப்பதே சட்டமீறலாக இருந்தது. மக்கள் கொதித்தெழுந்த பிறகு 2014இல் மாற்றினார்கள். முழு விலை கொடுத்தவருக்கு இந்த உரிமை எங்குமே இருக்க வேண்டும்.

அப்புறம், திருட்டு போன் என்று கரும்பட்டியலில் ஏறி, நெட்வொர்க்கில் தடை செய்யப்பட்டது வேறு விஷயம். சிம் லாக்கை எடுத்தாலும் அந்தத் தடை நீங்காது.