பாரிஸிலிருந்து ரோம்: எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம்?

அல்சூர்வாசி:
பெங்களூரிலிருந்து அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு மே மாதம் பாரிஸ், ரோம் போகிறோம். பாரிஸிலிருந்து ரோமுக்கு இரண்டு மணி நேரம்தான், காலை பத்து மணி விமானம் பிடித்தால் மதியமே கொலோசியம் பார்த்துவிடலாம் என்கிறார் டிராவல் ஏஜென்ட். அம்மாவுக்கு முட்டி வலி, வேகமாக நடக்க முடியாது. தூரம் எவ்வளவு, ஹோட்டலிலிருந்து ஹோட்டல் போய்ச் சேர நிஜமாகவே எவ்வளவு நேரம் ஆகும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெயநகர் 4வது பிளாக்:
வான்வழியில் சுமார் 1,100 கி.மீ. சென்னை–மும்பையைவிடக் கொஞ்சம் அதிகம். சாலையில் போனால் 1,400ஐத் தாண்டும், நடுவில் ஆல்ப்ஸ் மலை இருக்கிறதே. டிக்கெட்டில் இரண்டு மணி பத்து நிமிடம் போலப் போட்டிருப்பார்கள். அதில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் சேர்த்தி, பாரிஸின் சார்ல் த கோல் அவ்வளவு பெரிய விமான நிலையம்.

ஆனால் உங்கள் நாள் அந்த இரண்டு மணியில் முடியாது. பத்து மணி விமானத்துக்கு ஏழுக்கே ஹோட்டலை விட்டுக் கிளம்ப வேண்டும், பன்னிரண்டேகாலுக்கு ரோமின் ஃபியுமிச்சினோ விமான நிலையத்தில் இறங்கி, பெட்டி வந்து, அங்கிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயிலில் நகருக்குள் இருக்கும் தெர்மினி ஸ்டேஷனுக்கு 32 நிமிடம், அப்புறம் ஹோட்டல். எப்படியும் மணி இரண்டு ஆகிவிடும். கொலோசியம் டிக்கெட்டில் பெயரும் நுழைகிற நேரமும் இருக்கும், விமானம் தாமதமானால் அது வீண். மறுநாள் காலைக்குப் போடுங்கள், பெரியவர்களை அன்றைக்கே இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

மல்லேஸ்வரம் அக்கா:
அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கட்டாயம் கேளுங்கள். ஐரோப்பிய விமான நிலையங்களில் இந்த உதவிக்குக் காசு கிடையாது, சட்டமே இருக்கிறது, ஆனால் 48 மணி நேரம் முன்னாடியே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, டிக்கெட் மலிவாக இருந்தால் எந்த விமான நிலையம் என்று முதலில் பாருங்கள். போவே என்று இருந்தால் அது பாரிஸிலிருந்து 80 கி.மீ.க்கு மேல், பஸ்ஸிலேயே உங்கள் பாதி நாள் போய்விடும். சார்ல் த கோலுக்குப் பாரிஸ் நகரிலிருந்தும், ஃபியுமிச்சினோவிலிருந்து ரோம் நகருக்குள்ளும் டாக்ஸிக்கு அரசே நிர்ணயித்த நிலையான கட்டணம், மூன்று பேர் பெட்டியோடு போக அதுதான் சௌகரியம்.

ரயில்பிரியன்:
ரயிலையும் யோசியுங்களேன். மிலானுக்கு ஏழு மணி நேரம், அங்கே மாறி ரோமுக்கு மூன்று மணி நேரம். நிலச்சரிவால் 2023 ஆகஸ்டில் மூடின அந்த வழி மலை ரயில்பாதையை 2025 மார்ச் கடைசியில் திறந்துவிட்டார்கள். ஒரே நாளில் வேண்டாம், மிலானில் ஒரு ராத்திரி தங்கினால் அம்மாவுக்கும் ஓய்வு கிடைக்கும்.

அல்சூர்வாசி:
ரொம்ப நன்றி. கையில் இருக்கிற நாட்கள் குறைவு என்பதால் விமானமே. கொலோசியத்தை மறுநாளுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். ரோமில் இறங்கியதும் இமிக்ரேஷன் வரிசை உண்டா?

ஜெயநகர் 4வது பிளாக்:
வழக்கமாகக் கிடையாது, இரண்டு நாடும் தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஷெங்கன் நாடுகள்தான், நேரே பெட்டி எடுக்கப் போகலாம். ஆனாலும் பாஸ்போர்ட் கைப்பையிலேயே இருக்கட்டும், விமானம் ஏறும்போது கேட்பார்கள். இருக்கை தேர்ந்தெடுக்க முடிந்தால் அப்பாவுக்கு ஜன்னல் ஓரம் கொடுங்கள், நேர்வழி மான் பிளாங்க் சிகரத்தின் பக்கமாகத்தான் போகிறது, மேகம் இல்லாவிட்டால் ஆல்ப்ஸ் நன்றாகத் தெரியும்.