விரலால் தேய்த்து ஆயில் பார்க்கும் அண்ணனுக்கு ஒரு கேள்வி

தொண்டி டர்போ:
நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "ராமநாதபுரம் வெயிலுக்கு 5டபிள்யூ-30 எஞ்சின் ஆயில் எல்லாம் தண்ணி. இறக்கின ஆயிலை ரெண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தேன், பிடிப்பே இல்லை. டர்போ வண்டியா, கண்ணை மூடிக்கொண்டு 20டபிள்யூ-50 ஊற்றுங்கள்" என்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு. என்னுடையது ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கார், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ வைத்தது. தினமும் தொண்டியிலிருந்து ராமநாதபுரம் போய் வருகிறேன். கையேட்டில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறது, அதையே ஊற்றுகிறேன். 62,000 கிலோமீட்டர் ஆயிற்று, டர்போவில் ஒரு சத்தம் இல்லை. அண்ணே, உங்கள் விரல் எத்தனை டிகிரி, எஞ்சினுக்குள் ஆயில் எத்தனை டிகிரி?

வள்ளம் 22:
அந்த "ஒருவர்" நான்தான் தம்பி. பெயரைச் சொல்லியே கேட்கலாம், கடிக்க மாட்டேன். 22 வருஷமாக மண்டபத்தில் எஞ்சின் பிரித்து மாட்டுகிறேன். விரல் பொய் சொல்லாது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஒரு சொட்டு வைத்து மெல்லப் பிரித்துப் பாருங்கள். நல்ல ஆயில் நூல் மாதிரி இழுக்கும், கெட்டது பட்டென்று அறுந்துவிடும். போன மாதம் வந்த ஒரு காரில் அறுந்தது. டர்போவின் சுழலும் தண்டை, அந்த ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினேன், பல் ஆடுவது மாதிரி ஆடியது. அதில் என்ன ஊற்றியிருந்தார்கள்? உங்கள் 5டபிள்யூ-30தான்.

உச்சிப்புளி வாத்தியார்:
டபிள்யூ என்றால் விண்டர், அதற்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. பின்னால் வரும் எண்ணை 100 டிகிரியில் அளக்கிறார்கள். கெட்டித்தன்மையின் அளவான சென்டிஸ்டோக்கில், 30 என்றால் 9.3 முதல் 12.5-க்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள். அது போக 150 டிகிரியில் அழுத்தித் தேய்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதற்கு அலகு வேறு; 30-க்குக் குறைந்தது 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5 வர வேண்டும். டர்போ ஷாஃப்டைத் தாங்கும் மெல்லிய படலத்துக்கு இந்த எண்தான் முக்கியம். ஆகவே ஏர்வாடிப் பக்கம் நல்ல வெயிலில் முழு லோடில் ஓட்டுகிறவர், கையேடு அனுமதித்தால், 40 போடட்டும். 50 எதற்கு? நம் விரல் 35 டிகிரி. அந்தச் சூட்டில் எந்த ஆயிலும் கெட்டியாகத்தான் இருக்கும்.

வள்ளம் 22:
வாத்தியாரே, சென்டிஸ்டோக்கை எந்தக் கடையில் எடை போட்டுத் தருகிறார்கள்? அப்புறம் அந்த டபிள்யூ. விண்டர் என்கிறீர்கள். நம் ஊரில் விண்டர் எது? மார்கழியில் கோயிலுக்கு மப்ளர் கட்டிக்கொண்டு போவதா? 0, 5, 10 எல்லாம் பனி கொட்டும் ஊர்க்காரன் பிரச்சினை. தனுஷ்கோடியில் கொட்டுவது மணல்.

உச்சிப்புளி வாத்தியார்:
5டபிள்யூ-வை மைனஸ் 30 டிகிரியில் சோதிக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலையில் 28 டிகிரியில் சாவி திருப்பும்போதும் 20டபிள்யூ-50, 5டபிள்யூ-30-ஐ விட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். ஆயில் மேலே வந்து சேரத் தாமதமானால் உராய்வது உங்கள் விரல் இல்லை, பேரிங்.

வள்ளம் 22:
விரலைப் பற்றிப் பேசுகிறீர்களே, விரலால் ஒரு தடவையாவது ஆயிலைத் தொட்டீர்களா?

கீழக்கரையான்:
வள்ளம் காக்கா (எங்கள் ஊரில் அண்ணன்) சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது, காரணம்தான் வேறு. நேரடியாகப் பெட்ரோல் பீச்சும் டர்போ எஞ்சினில் கிட்டக் கிட்ட ஓட்டினால், எரியாத பெட்ரோல் பிஸ்டன் ஓரமாக வழிந்து ஆயிலில் கலக்கும். நான் பஜாருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே ஓட்டிய ஒரு வருஷம், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் அளவு குறையாமல் ஏறியிருந்தது. மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை. அந்த ஆயில் விரலில் அறுந்துதான் போகும். அதற்கு மருந்து 50 இல்லை காக்கா, சீக்கிரம் மாற்றுவது.

வள்ளம் 22:
அறுந்துதான் போகும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரையான்:
அதற்கு அடுத்த வரியையும் படியுங்கள்.

தொண்டி டர்போ:
அண்ணே, நீங்கள் பார்ப்பது விசைப்படகு டீசல். 15டபிள்யூ-40 குடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் ராத்திரி முழுக்க ஓடும். குளிர வைக்கக் கடலே இருக்கிறது. என் வண்டி பட்டணம்காத்தான் சிக்னலில் நின்று நின்று போகிறது. இரண்டும் ஒன்றா? வெளியே 40 டிகிரி அடித்தாலும் தெர்மோஸ்டாட் எஞ்சின் தண்ணீரை 90 பக்கம்தான் வைத்திருக்கும். உங்கள் வெயில் கணக்கு அங்கேயே செத்துப்போயிற்று.

வள்ளம் 22:
கடலைப் பற்றி தொண்டிக்காரர் எனக்குப் பாடம் எடுக்கிறார், நல்லது. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் என்ன என்று போன வருஷம் இதே இடத்தில் கேட்டது யார்? மறக்கவில்லை.

தொண்டி டர்போ:
கேட்டேன், தெரிந்துகொண்டேன். நீங்கள் 22 வருஷமாக எதையும் கேட்கவே இல்லை.

அரிச்சல்முனை:
நடுவில் ஒன்று. டர்போ கெடுவதற்கு ஆயில் நம்பரை விட ஓட்டுகிறவன் பெரிய காரணம். ஞாயிற்றுக்கிழமை பாம்பன் பாலத்துக்கு வாருங்கள். மதுரையிலிருந்து மிதித்துக்கொண்டு வந்து, பக்கத்து ரயில் தூக்குப் பாலம் மேலே ஏறுவதைப் பார்க்க நடுச்சாலைப் பாலத்தில் டப்பென்று வண்டியை அணைக்கிறார்கள். ஆயில் ஓட்டம் நின்றுவிடும். உள்ளே சூட்டில் சிக்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணைத்தால் என்ன?

தொண்டி டர்போ:
முதலில் பாலத்தில் நிறுத்துவதே தப்பு. பின்னால் பஸ் நிற்கிறது. இதில் ஐடிலில் வேறு நிற்கச் சொல்கிறீர்களா?

அரிச்சல்முனை:
நான் நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்துகிறவர்களைச் சொன்னேன். புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து இதே கூத்து. தங்கச்சிமடத்துக்காரன் வீட்டுக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகிறது, தெரியுமா?

தொண்டி டர்போ:
எங்களுக்கு ஒரு ரயிலே இல்லை. நீங்கள் தூக்குப் பாலம் பார்க்கக் கூட்டம் என்று அலுத்துக்கொள்கிறீர்கள்.

கீழக்கரையான்:
ஆயிலுக்கு வாருங்கப்பா. டப்பாவில் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற தரக்குறி இருக்கிறதா பாருங்கள். சின்ன டர்போ பெட்ரோலில் குறைந்த வேகத்தில் மிதித்தால் கலவை முன்கூட்டியே வெடித்து பிஸ்டனை உடைக்கும். அதைக் குறைக்கும் சேர்மானம் அதில் இருக்கும். 20டபிள்யூ-50 டப்பாக்கள் பலவற்றில் அந்தத் தரம் இருக்காது.

வள்ளம் 22:
டப்பாவில் எழுதியிருப்பதை நம்புவீர்கள், கையில் ஒட்டியிருப்பதை நம்ப மாட்டீர்கள். நாளைக்கு நான்கு பேரும் மண்டபம் வாருங்கள். மூன்று டப்பா திறந்து வைக்கிறேன், கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டே எது எது என்று சொல்கிறேன்.

உச்சிப்புளி வாத்தியார்:
வருகிறேன். மூன்றையும் 100 டிகிரிக்குச் சூடாக்கித் தருகிறேன், தொடுங்கள்.

வள்ளம் 22:
வாத்தியார் வேலையைக் காட்டிவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை: தொட்டீர்களா, இல்லையா?

அரிச்சல்முனை:
மண்டபம் வருகிறவர்கள் வண்டியைப் பாலத்தில் நிறுத்தாமல் வாருங்கள்.

தொண்டி டர்போ:
மண்டபம் பாலத்துக்கு இந்தப் பக்கம்.