தட்டில் ஒன்றும் இல்லை, ஜீனோமில் 31 மரபணுத் தொகுப்புகள்: இந்த நுண்ணுயிரை விட்டுவிடலாமா?

பினாங்கு மாணவி:
வணக்கம். பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். பாலிக் புலாவ் பக்கம் பாக்காவ் (அலையாத்தி) காட்டுச் சேற்றிலிருந்து ஒரு ஸ்ட்ரெப்டோமைசீஸ், அதாவது நுண்ணுயிர்க்கொல்லிகளைச் செய்யும் பாக்டீரியா வகை, பிரித்தெடுத்தேன். சாம்பல் பூத்ததுபோல் வளர்கிறது, மூடியைத் திறந்தால் மழை பெய்த மண்வாசனை. ஐஎஸ்பி-2 ஊடகத்தில் ஏழு நாள் வளர்த்து ஸ்டஃபைலோகாக்கஸ், ஈ.கோலை இரண்டுக்கும் எதிராகச் சோதித்தேன். மூன்று முறை செய்தும், கிருமி வளராமல் தடுக்கப்பட்டதைக் காட்டும் வளையம் ஒரு மில்லிமீட்டர்கூட விழவில்லை.

போன வாரம் அதன் ஜீனோம் (முழு டிஎன்ஏ வரிசை) வந்தது. இத்தகைய பொருள்களைச் செய்யும் மரபணுத் தொகுப்புகளைத் தேடும் ஆன்டிஸ்மாஷ் மென்பொருளில் போட்டால் 31 தொகுப்புகள் என்கிறது. அதில் 9 தொகுப்புகளுக்குத் தெரிந்த எதனோடும் 10 சதவீத ஒற்றுமைகூட இல்லை. ஆய்வுக்கூடத்தில் இதை உறைபெட்டியில் வைத்துவிட்டு அடுத்ததை எடு என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. கையில் எட்டு மாதம் இருக்கிறது. அந்த ஒன்பதில் எங்கிருந்து தொடங்குவது?

கேஎல் அக்கா:
தங்கச்சி, விடாதேம்மா. வளையம் விழவில்லை என்றால் அந்த ஊடகத்தில், அந்த ஏழு நாளில், அந்த இரண்டு கிருமிகளைத் தடுக்கும் அளவுக்கு எதுவும் சுரக்கவில்லை. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

ஸ்ட்ரெப்டோமைசீஸ் கோயலிகலரைப் பல பத்தாண்டுகளாக வளர்த்தவர்களுக்கு, அது செய்யும் பொருள்களில் சிலதான் தெரிந்திருந்தது. 2002இல் ஜீனோம் வெளியானபோது 20க்கு மேற்பட்ட தொகுப்புகள் இருந்தன. அதில் ஒன்று இரும்பைப் பற்றி இழுக்கும் பெப்டைடு செய்யும் என்று மரபணுவைப் படித்தே கணித்தார்கள். சரி, இரும்பு இல்லாவிட்டால்தானே அது தேவைப்படும்? இரும்பு குறைந்த ஊடகத்தில் வளர்த்தார்கள், 2005இல் கோயலிகெலின் கிடைத்தது. கணித்தது மூன்று அமினோ அமிலம், வந்தது நான்கு. எந்தப் பக்கம் தேடுவது என்பதை மரபணு சொல்லும், பொருளை நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஜியோஸ்மின், எக்டோயின், ஹோப்பீன், டெஸ்ஃபெரியாக்சமின் தொகுப்புகளை ஒதுக்கு. பெரும்பாலான ஸ்ட்ரெப்டோமைசீஸிலும் இருப்பவை. உன் மண்வாசனை அந்த ஜியோஸ்மின்தான். அப்புறம் அந்த ஒன்பதுக்குள்ளும் ஒவ்வொரு மரபணுவாகப் பார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நஞ்சு செய்கிற உயிர் அதற்குத் தானே பலியாகக் கூடாது இல்லையா? நோவோபயோசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, பாக்டீரியா உயிர்வாழத் தேவையான டிஎன்ஏ கைரேஸ் என்ற நொதியைத் தாக்கும். அதைச் செய்யும் நுண்ணுயிர், நோவோபயோசினுக்கு அசையாத கைரேஸ் மரபணு ஒன்றை அதே தொகுப்புக்குள் வைத்திருக்கிறது. இப்படி உயிர்வாழத் தேவையான ஒரு மரபணுவின் இரண்டாம் பிரதி ஏதாவது தொகுப்பில் இருந்தால் அங்கே தொடங்கு. அந்தப் பொருள் எதைத் தாக்கும் என்பதற்கும் துப்பு கிடைக்கும்.

ஊடகத்தையும் மாற்று. பாக்காவ் சேற்றில் வாழ்ந்ததற்குக் கடலுப்பு இல்லாமல் வளர்த்திருக்கிறாய்.

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி:
அக்கா சொல்வது சரி. ஆனால் ஜீனோம் எத்தனை துண்டாக வந்தது என்று முதலில் பாருங்கள். ஸ்ட்ரெப்டோமைசீஸில் ஜிசி அளவு (டிஎன்ஏ எழுத்துகளில் ஜி, சி இரண்டின் பங்கு) 70 சதவீதத்துக்கு மேல். பாலிகீட்டைடு என்ற வகைப் பொருள்களைச் செய்யும் தொகுப்புகளில் ஒரே மாதிரிப் பகுதி திரும்பத் திரும்ப வரும். டிஎன்ஏவைச் சிறு சிறு துண்டாகப் படித்த குட்டை வாசிப்புகளை ஒட்டும்போது அங்கேதான் அறுந்துபோகும். நான் இரண்டு புதிய தொகுப்புகள் என்று நம்பி ஏழு மாதம் உழைத்தேன். நீள வாசிப்பு எடுத்த பிறகு இரண்டும் ஒரே பழைய தொகுப்பின் இரு பாதிகள் என்று தெரிந்தது. அந்தச் சதவீதமும் எத்தனை மரபணு ஒத்துப்போகிறது என்பதைத்தான் சொல்லும். பாதித் தொகுப்பு காணாமல் போனால் எண்ணும் குறையும்.

துண்டின் ஓரத்தில் இருப்பதை ஆன்டிஸ்மாஷே குறித்துக் காட்டும். நீள வாசிப்பு தரும் நானோபோர் கருவியில் ஒருமுறை படிக்க முடிந்தால் படித்துவிடுங்கள்.

பினாங்கு மாணவி:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. 214 துண்டுகள். ஒன்பதில் ஐந்து ஓரத்தில் இருக்கின்றன, அவற்றை நானோபோர் வரும்வரை தொடமாட்டேன். முழுதாக இருக்கும் நான்கில் மூன்றில் அக்கா சொன்ன மாதிரி எதுவும் இல்லை. நான்காவதில் ஒரு டிஆர்என்ஏ சிந்தடேஸ் (புரதம் கட்டத் தேவையான நொதி) மரபணு இருக்கிறது. அதே சிந்தடேஸ் குரோமோசோமில் வேறொரு இடத்திலும் இருக்கிறது, இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன்.

கேஎல் அக்கா:
அதுதான்! கடலுப்பு ஊடகத்தில் மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் சாறு எடுத்து, பொருள்களைப் பிரித்து நிறை அளக்கும் எல்சி-எம்எஸ் கருவியில் ஒப்பிட்டுப் பார். வளையம் விழுகிறதா என்று மட்டும் காத்திருக்காதே.

பினாங்கு மாணவி:
சரிக்கா. திங்கட்கிழமை காலை ஊடகம் கலக்குகிறேன்.