30% கேட்கிறார்கள், அப்பாவின் ரேக்கை என்ன செய்வது?

பம்ப்செட்காரன்

வணக்கம். கோவை கணபதி பக்கம் மோட்டார் பம்ப் செய்கிற சின்ன யூனிட் எங்களுடையது. 1987-ல் அப்பா ஒரே ஒரு லேத்தோடு ஆரம்பித்தார், இன்றைக்கு 42 பேர் இருக்கிறோம். பிரைவேட் லிமிடெட், ஷேர் முழுக்க அப்பா, நான், தங்கை மூன்று பேர் கையில். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடுகிற இரண்டு சிஎன்சி மெஷினும் புது டெஸ்ட் பெஞ்சும் போடப் பணம் வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு முதலீட்டாளர் வந்தார். 30% பங்கு, போர்டில் ஒரு சீட், ஐந்து வருடத்தில் அவர் வெளியேற வழி, இவ்வளவுதான் கேட்கிறார். விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் ஸ்டோரில் இருக்கிற ஒரு ரேக்கால் வந்தது. நாங்கள் எப்போதோ நிறுத்திவிட்ட மாடல்களுக்கு இம்பெல்லர், ஷாஃப்ட், புஷ், சீல் என்று ஒவ்வொன்றிலும் பத்து இருபது அதில் கிடக்கும். உடுமலைப் பக்கமிருந்து யாராவது 1996 பம்பைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தாலும் அன்றைக்கே சரிசெய்து அனுப்பிவிடுவோம். விற்ற பம்ப் தண்ணீர் இறைக்கிறவரைக்கும் அது நம்ம பொறுப்பு என்பது அப்பா கணக்கு. முதலீட்டாளரோடு வந்த பையன் ரேக்கைப் பார்த்ததும் டெட் ஸ்டாக் (விற்காமல் முடங்கின சரக்கு) என்று நோட்டில் எழுதிக்கொண்டான், அப்பா அதைப் பார்த்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது, இப்போது அவர்கள் வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவது என் வேலை.

எனக்கும் 46 ஆகிறது. பணமும் வேண்டும், எனக்குப் பின்னாலும் அந்த ரேக் இருக்க வேண்டும். இப்படிப் பல தலைமுறை தாண்டி நின்ற தனியார் கம்பெனிகள் உண்மையில் என்ன செய்தன? மேடைப் பேச்சு நிறையக் கேட்டாயிற்று, செய்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரோட்டு ஆடிட்டர்

முதலில் அந்த 30-ஐப் பாருங்கள். ஆர்ட்டிக்கிள்ஸை, அதாவது கம்பெனியின் உள்விதிகளை, திருத்துவது போன்ற பெரிய முடிவுகளுக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதற்கு ஆதரவு ஓட்டு எதிர் ஓட்டைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். 25 சதவீதத்தைத் தாண்டி ஒருவர் வைத்திருந்தால் அவர் ஒருவரே அதை நிறுத்திவிடலாம். அடுத்தது, ஒப்பந்தத்தில் டிராக் அலாங் என்ற வார்த்தையைத் தேடுங்கள். அவர் விற்கும்போது உங்கள் ஷேரையும் சேர்த்து விற்க வைக்கிற உரிமை அது. ஐந்து வருடத்தில் வெளியேற வழி என்று சாதாரணமாகச் சொல்வதற்குள் பெரும்பாலும் அதுதான் உட்கார்ந்திருக்கும்.

குடும்பத்துக்குள் வாய்ப்பேச்சையும் நம்பாதீர்கள். ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன் என்று உச்ச நீதிமன்றத்தின் 1991 தீர்ப்பு ஒன்று இருக்கிறது. இரண்டு சகோதரர்கள், 50 ஷேர், ஆளுக்கு 25. விற்பதானால் முதலில் அவரவர் கிளைக்குள்ளேயே விற்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். அடுத்த தலைமுறையில் ஒருவர் தன் ஷேரை மற்றக் கிளைக்கு விற்றுவிட்டார். அப்படி ஒரு கட்டுப்பாடு ஆர்ட்டிக்கிள்ஸில் இல்லை, அதனால் அந்த வாய்ப்பேச்சு செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2013 கம்பெனிச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி, ஆர்ட்டிக்கிள்ஸில் சில விதிகளைச் சிறப்புத் தீர்மானத்தாலும் எளிதில் மாற்ற முடியாதபடி பூட்டி வைக்கலாம். நடக்கிற பிரைவேட் கம்பெனியில் அதைச் சேர்க்க உறுப்பினர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைக்கு நீங்கள் மூன்று பேர், வீட்டில் சாப்பாட்டு மேஜையிலேயே முடிந்துவிடும். அவர் உள்ளே வந்த பிறகு நாலாவது கையெழுத்துக்கு அலைய வேண்டும்.

ஸ்டுட்கார்ட் தமிழன்

இங்கே இருப்பதால் பாஷ் பற்றிச் சொல்கிறேன். (நம்ம ஊர் பங்குச் சந்தையில் பார்ப்பது அதன் இந்தியக் கிளை, ஜெர்மனித் தாய் கம்பெனி சந்தையில் இல்லை.) 1886-ல் ராபர்ட் பாஷ் இங்கே ஒரு பட்டறையாகத் தொடங்கியது. அவர் 1942-ல் இறந்தார், 1964-ல் பெரும்பாலான பங்குகள் அறக்கட்டளைக்குப் போயின. இப்போது மூலதனத்தில் சுமார் 94% அறக்கட்டளையிடம். ஆனால் ஓட்டு அதனிடம் இல்லை, அது ஒரு தனி அறங்காவல் அமைப்பிடம் இருக்கிறது. டிவிடெண்ட் வாங்குகிறவர் கம்பெனியை நடத்த முடியாது, ஓட்டு வைத்திருப்பவருக்கு டிவிடெண்ட் ஆசை வர வழியில்லை. எனக்குப் பார்த்தவரையில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு கிடையாது.

ஆனாலும் மயங்கிவிடாதீர்கள். 2025 செப்டம்பரில் அதே பாஷ் வாகனப் பிரிவில் 13,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. என் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் அந்த வாரம் ஈயாடவில்லை. கம்பெனியை யாரும் வாங்க முடியாது என்பது வேறு, கம்பெனிக்கு ஆர்டர் வருவது வேறு.

மலையேறி

மலையேற்ற உடை விற்கிற அமெரிக்கக் கம்பெனி படகோனியாவை யாரும் சொல்லவில்லையே. அதை ஆரம்பித்த யுவோன் ஷுனார்ட் 2022-ல் கம்பெனியையே கொடுத்துவிட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். ஓட்டுள்ள 2% ஒரு டிரஸ்டுக்கு, ஓட்டில்லாத 98% சூழலுக்காக வேலை செய்கிற அமைப்புக்கு. ஏறக்குறைய பாஷ் வழிதான். எனக்கு அதைவிட அவர் 1970-களின் தொடக்கத்தில் செய்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. அப்போது அவர் பாறையேறுகிறவர்களுக்கு பிட்டன் என்ற இரும்பு ஆணி செய்து விற்றுக்கொண்டிருந்தார், வியாபாரத்தின் பெரும்பகுதியே அதுதான். அதை அடித்துப் பிடுங்கி அடித்துப் பிடுங்கிப் பாறை விரிசலெல்லாம் சிதைகிறது என்று கண்ணால் பார்த்தார். அப்புறம் சுத்தியலே வேண்டாத, கையால் செருகி எடுக்கிற அலுமினியத் துண்டுகளுக்கு மாறி, 1972 கேட்டலாகில் அதையே பெரிதாகப் போட்டார். வயிறு நிறைக்கிற சரக்கை அவரே ஓரம் கட்டினார்.

அவரும் தடுக்கி விழுந்தவர்தான். வளர்ச்சி வேகத்தில் ஆள் எடுத்துக்கொண்டே போய், 1991 மந்தத்தில் மாட்டி, ஒரே நாளில் 120 பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. ஐந்தில் ஒருவர். கொள்கைக்கு எதிரி முதலீட்டாளர் மட்டும் இல்லை, அவசரமும்தான்.

தென்காசிக்காரன்

ஜோஹோ இருக்க ஜெர்மனி எதற்கு? 1996-ல் அட்வென்ட்நெட் என்று ஆரம்பித்து இன்றுவரை வெளி முதலீடு வாங்காமல், பட்டியலிடாமல் ஓடுகிறார்கள். மத்தளம்பாறையில் ஆபீஸ், காலேஜ் போகாத பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி, அப்புறம் வேலை. காலாண்டுக் கணக்குக் கேட்கிறவர் இருந்தால் இதெல்லாம் நடக்குமா?

பம்ப்செட்காரன்

தென்காசி அண்ணா, மரியாதைதான். ஆனால் சாஃப்ட்வேருக்குச் சந்தா முன்பணமாக வரும், எங்களுக்கு டீலர் 90 நாள் கழித்துத் தருகிறார், அதுவும் நாலு தடவை போன் போட்டால். வார்ப்புக்காரருக்கும் காப்பர் கடைக்கும் நாங்கள் அதுவரை காத்திருக்கச் சொல்ல முடியாது.

மிளகாய் வியாபாரி மகள்

நாங்கள் விற்றோம். பெயரெல்லாம் வேண்டாம். மசாலாப்பொடி. வாங்கியவர்கள் நல்ல மனிதர்கள், முதல் வருடம் எதையும் தொடவில்லை. எங்கள் அம்மா எட்டுப் பெண்களை உட்கார வைத்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிவிட்டுத்தான் அரைப்பார். இரண்டாம் வருடம் யாரோ ஒரு எக்செல் ஷீட்டில் அந்த எட்டுக் கூலியைப் பார்த்தார்கள். காம்போடு அரைத்தால் எடையும் கூடும் இல்லையா. யாரும் எங்களிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் ஒப்பந்தத்தில் இல்லை. சுவை, தரம் பற்றி நாற்பது வரி எழுதியிருந்தோம், காம்பு என்ற சொல் அதில் இல்லை. அண்ணா, கொள்கை என்று எழுதாதீர்கள். ரேக் என்று எழுதுங்கள், எந்த மாடல், எத்தனை வருடம் என்று எழுதுங்கள். அம்மா இப்போது அந்தப் பாக்கெட்டை வாங்குவதில்லை.

பம்ப்செட்காரன்

எல்லோருக்கும் நன்றி. மிளகாய்த் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உட்கார்ந்து ரேக்கை முழுதாக எண்ணினேன். வாங்கிய விலைக்கு மொத்தம் 3 லட்சத்து 80 ஆயிரம். இதற்கா இவ்வளவு சண்டை என்று ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஒரு மாடலின் இம்பெல்லர் பதினொன்றை அப்பாவே எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டார், ஆறு வருடமாக அதை யாரும் கேட்கவில்லையாம், சீட்டைக் காட்டினார். இத்தனை நாளாக அவர் எதையும் தூக்கிப் போட மாட்டார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடக் கணக்கை அப்படியே எழுத்தில் கொண்டுவரலாம் என்று தோன்றுகிறது.

மெஷின் ஒன்றுக்கு மட்டும் பேங்கில் கேட்கப்போகிறேன், டெஸ்ட் பெஞ்ச் அடுத்த வருடம். முதலீட்டாளரிடம் இன்னும் முடியாது என்று சொல்லவில்லை, முதலில் ஆர்ட்டிக்கிள்ஸ். ஆடிட்டர் சார், வியாழக்கிழமை ஈரோட்டுக்கு வந்தால் ஆபீஸில் இருப்பீர்களா? தங்கையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.