மேப் சேவை விளக்கத்தில் பொருள்விவரம் (எந்த எண் எதைக் குறிக்கிறது என்ற விளக்கம்) சேர்த்த அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

கிணற்றுமேடு

பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள் இரண்டின் நிலத்தடி நீர்த் தரவை ஒரே மேப்பில் சேர்க்கும் வேலை. இரண்டும் டபிள்யூஎஃப்எஸ், அதாவது மேப்பின் மூலத் தரவையே இணையம் வழியே தரும் சேவை. இரண்டிலும் லேயர் தலைப்பு நீர்மட்டம், ஃபீல்டு பெயர் வெறும் ‘டபிள்யூஎல்’. அலகு கிடையாது, அப்ஸ்ட்ராக்ட் என்ற சுருக்க விளக்கப் பகுதியும் காலி. லோட் செய்தால் எல்லைக்கு இந்தப் பக்கம் 6, 8, 11. அந்தப் பக்கம் 180, 184. ஒன்று தரைக்குக் கீழே எத்தனை மீட்டர், மற்றது கடல்மட்டத்துக்கு மேலே எத்தனை மீட்டர். ஒன்றில் எண் ஏறினால் தண்ணீர் இறங்குகிறது, மற்றதில் எண் ஏறினால் தண்ணீரும் ஏறுகிறது.

சரி, எந்திரத்துக்கும் புரியட்டும் என்று தரவின் அமைப்பைச் சொல்லும் ஸ்கீமா ஃபைலில் ஃபீல்டுக்கு ஃபீல்டு மாடல்ரெஃபரன்ஸ் என்ற குறிப்பைப் போட்டு, ஒவ்வொன்றையும் அதன் வரையறையைக் குறிக்கும் ஒரு யூஆர்ஐயில் (இணைய முகவரி போன்ற தனி அடையாளம்) கட்டினோம். வரையறைகளைச் சரிபார்க்க நீர்வளத்துறையில் ஒரு மூத்த நிலத்தடி நீர் வல்லுநரிடம் போனோம். ‘தரையிலிருந்து ஆழம்’ என்ற வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “தரையிலிருந்தா? நாங்க டேப்பை கிணத்துக் கட்டைச் சுவர் மேலே வெச்சுத்தானே விடுறோம்” என்று இடுப்பளவுக்குக் கையைக் காட்டினார். சுவர் உயரத்தைக் கழித்த பதிவுகளும் உண்டாம், கழிக்காத பதிவுகளும் உண்டாம், இரண்டும் ஒரே ஃபீல்டில்.

அந்தக் கை காட்டிய உயரம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. காலியாக இருந்தவரை யாராவது போன் போட்டுக் கேட்பார்கள். யூஆர்ஐ போட்டபிறகு யார் கேட்கப் போகிறார்கள்?

ரைன்கரை

ஐரோப்பாவில் இன்ஸ்பயர் சேவைகளில் வேலை பார்க்கிறேன், நாடுகளின் மேப் தரவைப் பொதுவாகப் பகிரச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏற்பாடு அது. 2007-ஆம் ஆண்டு உத்தரவு, எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேப்பைப் படமாகத் தரும் சேவைத் தரமான டபிள்யூஎம்எஸ் 1.3.0-இல் கீவேர்டுக்கு வொக்காபுலரி (எந்தச் சொற்களஞ்சியம்) என்று ஒரு ஆட்ரிபியூட் இருக்கிறது, அதில் ஜெமெட் என்ற ஐரோப்பியச் சுற்றுச்சூழல் சொற்களஞ்சியத்தைக் குறித்துச் சொற்களைப் போட்டோம். ஜெமெட்டில் ஒரே கருத்துக்கு 30-க்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர் இருப்பதால், ஜெர்மன் சேவையைப் போலந்துக்காரர் தன் மொழியிலேயே தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று பெரிய ஆசை.

அப்புறம், பல சேவைகளைத் திரட்டிப் பட்டியலிடும் மேல்மட்ட கேட்டலாக், சேவை தன்னைப் பற்றிச் சொல்லும் எங்கள் கேப்பபிலிட்டீஸ் ஃபைலை அறுவடை செய்தது, அதாவது தானாக எடுத்துச் சேர்த்துக்கொண்டது. போய்ப் பார்த்தால் சொல் மட்டும் இருக்கிறது, எந்தச் சொற்களஞ்சியம் என்ற குறிப்பு மாயம். எங்கள் எக்ஸ்எம்எல்லையும் அவர்கள் பக்கத்தையும் அருகருகே வைத்து வரி வரியாகப் பார்த்தேன். நாங்கள் கட்டிய இணைப்பு மட்டும் சுத்தமாக அறுந்திருந்தது. போலந்து மொழியில் தேடினால் எங்கள் சேவை வரவே இல்லை.

லிங்க்டுடேட்டா_குமரன்

கிணற்றுமேடு, ஸ்கீமாவுக்குள் மாடல்ரெஃபரன்ஸ் போட்டதில்தான் எனக்குச் சண்டை. அது 2007-இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி கொடுத்த பழைய வழி. நான் பயன்படுத்திய எந்த மேப் மென்பொருளும் அதை எடுத்துக் காட்டியதில்லை. தரவுப் பட்டியலை எழுதும் தரமான டிகேட்டில், டிகேட் 2 (2020) வந்தபிறகு, டேட்டாசர்வீஸ் என்று சேவைக்கான தனி வகுப்பே இருக்கிறது. சேவை எங்கே, அதன் விளக்கம் எங்கே, எந்தத் தரவை அது பரிமாறுகிறது, எல்லாம் வெளியிலேயே சொல்லிவிடலாம். ரைன்கரை சொன்ன கோளாறும் அதில் வராது.

கடல்வெப்பம்

என் கதை சின்னது. செயற்கைக்கோள் தரவும் மிதவைத் தரவும், இரண்டுக்கும் தலைப்பு ‘கடல் மேற்பரப்பு வெப்பநிலை’. வெயில் ஏறி, காற்று அடங்கிய பகலில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. கருவி கெட்டுவிட்டதாகப் பெரிய விவாதமே நடந்தது. அகச்சிவப்பில் பார்க்கும் செயற்கைக்கோளுக்குத் தெரிவது மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு தடிமனுள்ள தோல் மட்டும். மிதவை அளப்பது அதற்குக் கீழே உள்ள தண்ணீரை. வானிலை, கடல் தரவுக்கான சிஎஃப் என்ற தரப் பெயர்ப் பட்டியலில் தோல், அடித்தோல், அடித்தளம் என்று தனித்தனிப் பெயர்களே இருக்கின்றன. அதைப் போட்டதும் விவாதம் முடிந்தது. அதனால் குமரன், ஃபீல்டு அளவில் போடுவது வீண் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

உயரக்கணக்கு

எனக்கு நடந்தது: பெல்ஜியம், நெதர்லாந்து எல்லையில் இரண்டு உயர லேயர்களை ஒட்டினேன், எல்லைக் கோட்டில் ஒரு படிக்கட்டு முளைத்தது. உயரத்தை எண்ணத் தொடங்கும் சுழியம் பெல்ஜியத்துக்கு ஆஸ்டெண்டில், நெதர்லாந்துக்கு ஆம்ஸ்டர்டாமில். வித்தியாசம் சுமார் 2.3 மீட்டர். இரண்டு விளக்கத்திலும் ‘மீட்டர்’ என்று மட்டும் இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். உயரம், ஆழம் எது வந்தாலும் செங்குத்து ஆதாரத்தை (எந்தச் சுழியத்திலிருந்து அளந்தது என்பதை) ஈபிஎஸ்ஜி என்ற பொதுப் பதிவேட்டின் எண்ணோடு எழுதுங்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு 5709, ஆஸ்டெண்டுக்கு 5710. மேலே போனால் கூட்டலா கழித்தலா என்பதையும் எழுதுங்கள். இரு நாட்டு எல்லையில் கட்டிய லாஃபன்பூர்க் பாலத்தில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து உயரங்களுக்கு நடுவே 27 செ.மீ. வித்தியாசம் இருப்பது இரு தரப்புக்கும் முன்பே தெரியும். குறி மாறிப்போனதால் 2003-இல் அது 54 செ.மீ. ஆகிவிட்டது. தெரிந்திருந்தும் நடந்தது அது. அலகை வாக்கியத்துக்குள் புதைக்காமல் யூகம் (UCUM) என்ற அலகுக் குறியீட்டு முறையில் தனியாகக் கொடுங்கள். யூஆர்ஐயை ஒரு திட்டத்தின் இணையதளப் பெயரில் உருவாக்காதீர்கள். பணம் தீர்ந்ததும் டொமைன் போய்விடும், அத்தனை இணைப்பும் செத்துவிடும். நிரந்தர முகவரிக்கென்றே இருக்கும் டபிள்யூ3ஐடி போன்றதில் வையுங்கள். முக்கியமாக, அதே வரையறையை அப்ஸ்ட்ராக்டிலும் மனிதர் படிக்கும் வாக்கியமாக எழுதுங்கள். ரைன்கரைக்கு நடந்ததுபோல இணைப்பு அறுந்தாலும் வாக்கியம் பிழைக்கும்.

கிணற்றுமேடு

குமரன், டிகேட் தரவுத்தொகுப்போடு நின்றுவிடுகிறது. ‘டபிள்யூஎல்’ என்ற ஒரு ஃபீல்டு எதைக் குறிக்கிறது என்று சொல்ல அதில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. தேடுபொறிகள் படிக்கும் ஸ்கீமா டாட் ஆர்க் சொற்தொகுதியில், எதை அளந்தது என்று சொல்ல வேரியபிள்மெஷர்டு இருக்கிறது, அதையும் வெளிப்பக்கத்தில் சேர்த்திருக்கிறோம். ஆனால் டபிள்யூஎஃப்எஸ்ஸை நேரடியாகத் திறப்பவர் அந்தப் பக்கத்துக்கே வரமாட்டார்.

உயரக்கணக்கு, அப்ஸ்ட்ராக்டில் எழுதும் யோசனை நல்லது, செய்கிறோம். இப்போதைக்கு ‘அளவுப் புள்ளியிலிருந்து ஆழம்’ என்று மூன்றாவதாக ஒரு கருத்தை உருவாக்கி, சுவர் உயரத்துக்குத் தனி ஃபீல்டு வைத்திருக்கிறோம். கழித்ததா இல்லையா என்றே தெரியாத பழைய பதிவுகள்தான் மிச்சம். ‘தெரியவில்லை’ என்பதையே ஒரு யூஆர்ஐயாகக் கொடுக்கலாமா, அல்லது அந்தக் கிணறுகளை மட்டும் தனி லேயராகப் பிரித்துவிடலாமா? செய்து பார்த்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.